காயில் கட்டும்போது வீடியோவை ஒரு விரலில் நிறுத்த, பின்னால் தள்ள: தட்டினா ஒண்ணு, நடக்குறது ஒண்ணு

கணபதி_காயில் (கேள்வி):

வணக்கமுங்க. மோட்டார் காயில் கட்டுற பட்டறையில, போனை ஸ்டாண்டுல படுக்க வெச்சு வைண்டிங் வீடியோ பாத்துக்கிட்டே வேலை பண்றதுக்கு வழி வேணுங்க. 24 ஸ்லாட் (காயில் எறங்குற காடி) இருக்குற ஸ்டேட்டர், அதாவது மோட்டாருல சுத்தாம நிக்கிற பாகம்; சிங்கிள் பேஸ் மோனோபிளாக் பம்பு. காயிலை ஸ்லாட்டுல எறக்குற எடம் வந்ததும் நிறுத்தோணும், 10, 15 செகண்ட் பின்னால போகோணும், மறுக்கா ஓட்டோணும். ரெண்டு கையும் கம்பியில மாட்டியிருக்கும், சும்மா இருக்குறது ஒரு விரலு, அதுவும் சுண்டுவிரலு.

யூட்யூப்ல ஓரத்துல ரெண்டு தட்டு தட்டினா சில நேரம் பின்னால போகுது, சில நேரம் பட்டனெல்லாம் வந்துட்டு மறைஞ்சு போகுது. இன்னும் சில நேரம் வீடியோ திடுதிப்புனு வெசையா ஓடுது, விரலை எடுத்தா சரியாயிடுது. வி.எல்.சி.ங்கற வீடியோ பிளேயர் ஆப்புல திரைமேல விரலை இழுத்தா சித்தெ இழுத்ததுக்கே மூணு நிமிசம் தாண்டிப் போகுது. இடது ஓரத்துல ஆரம்பிச்சு இழுத்தா வீடியோவை விட்டே வெளிய வந்துடுது. அப்புறம் பென்டிரைவ்ல வாங்கின ஒரு வீடியோ, 5 செகண்ட் பின்னால போன்னு எத்தனை தடவ சொன்னாலும் ஒரே எடத்துல போயி நிக்குது.

போன் சாதா ஆண்ட்ராய்டு 13, திரை ஆறரை இஞ்சு. விரலு சரியில்லையா, போன் சரியில்லையா?

நொய்யல்_கரை:

விரலும் சரி, போனும் சரிங்க. யூட்யூப்புக்கு மட்டும் நான் சொல்றேன், வி.எல்.சி.க்கு விவரமானவங்க வருவாங்க.

ரெண்டு தட்டுக்கு நடுவுல எவ்வளவு நேரம் ஆகலாம்னு ஆண்ட்ராய்டுல ஒரு பொது அளவு இருக்கு: 300 மில்லிசெகண்ட், அதாவது ஒரு செகண்டுல மூணுல ஒரு பங்குக்கும் கொஞ்சம் கம்மி. இரண்டாவது தட்டு அதுக்கு மேல தாமதமானா அது "இரட்டைத் தட்டு" இல்ல, தனித்தனியா ரெண்டு ஒத்தத் தட்டு. முதல் தட்டுக்குப் பட்டன் வரும், ரெண்டாவதுக்கு மறையும். நீங்க பாக்குறது அதுதான். சுண்டுவிரல்ல தட்டும்போது மணிக்கட்டு மொத்தமும் சேர்ந்து ஆடும், அதனாலதான் தாமதமாகுது. மணிக்கட்டை ஸ்டாண்டு மேல ஊனிக்கிட்டு விரல் நுனியை மட்டும் ஆட்டுங்க.

வெசையா ஓடுறது வேற கதை. விரலை எடுக்காம அழுத்தியே வெச்சா யூட்யூப் 2 மடங்கு வேகத்துல ஓட்டும், விட்டதும் பழைய வேகம். தட்டுற விரலு கண்ணாடியில ஒட்டிக்கிட்டு நின்னுட்டா அதைப் "பிடிச்சு வெச்சிருக்கான்"னு போன் எடுத்துக்கும். பொதுவா 400 மில்லிசெகண்ட் போதும். இது தொந்தரவா இருந்தா செட்டிங்ஸ்ல ஆக்சஸபிலிட்டிக்குள்ள "டச் அண்ட் ஹோல்டு டிலே"ன்னு ஒண்ணு இருக்கும், அதை ஷார்ட்ல இருந்து மீடியமுக்கு மாத்துங்க. ஆனா அப்புறம் போன் முழுக்க எல்லா அழுத்திப் பிடிக்கிறதும் மெதுவாயிடும், அதைத் தெரிஞ்சே மாத்துங்க.

பின்னால போற அளவு 10 செகண்டாத்தான் இருக்கோணும்னு இல்ல. யூட்யூப் செட்டிங்ஸ்ல பிளேபேக் பகுதி (பழைய பதிப்புல ஜெனரல்), அதுல "டபுள் டேப் டு சீக்". 5, 10, 15, 20, 30, 60 செகண்டுன்னு எது வேணுமோ வெச்சுக்கலாம். உங்க வேலைக்கு 15 வெச்சீங்கன்னா ஒரு இரட்டைத் தட்டுல காரியம் முடியும். இன்னும் பின்னால போகோணும்னா மறுபடி இரட்டையா தட்ட வேண்டாம். அந்த அம்புக்குறி திரையில தெரியிற வரைக்கும் ஒவ்வொரு ஒத்தத் தட்டும் இன்னொரு 15 சேர்க்கும். விளம்பரம் ஓடுறப்ப இது எதுவும் எடுபடாது, சும்மா தட்டிக்கிட்டே இருக்காதீங்க.

நிறுத்துறதுக்கு யூட்யூப்ல நான் நம்புறது ஒண்ணுதான்: திரைக்கு நடுவுல ஒரு தட்டு, பட்டன் கண்ணுல பட்டதும் அதே எடத்துல இன்னொரு தட்டு. அவசரப்பட்டு ரெண்டையும் சேர்த்துத் தட்டினா முன்னயோ பின்னயோ தாவிரும்.

ஸ்லாட் நம்பர் பொடியா இருந்தா நிறுத்திட்டு ரெண்டு விரலால விரிங்க, 8 மடங்கு வரைக்கும் பெருசாகும், அப்புறம் ஒரு விரலால நகர்த்திப் பாக்கலாம். வீடியோவைப் பகுதி பகுதியா பிரிச்சுப் போட்டிருந்தா ரெண்டு விரலைச் சேர்த்து இரட்டைத் தட்டு தட்டினா அடுத்த பகுதிக்கோ முந்தின பகுதிக்கோ போகும். கீழ இருக்குற செவப்புக் கோட்டைப் பிடிச்சு இழுக்குறப்ப விரலை அப்படியே மேல தூக்கினீங்கன்னா படம் படமா ஒரு வரிசை வரும். காயில் எறக்குற அந்த நொடியைக் கண்ணால பாத்தே பிடிச்சுக்கலாம். இதுக்கு சுண்டுவிரல் பத்தாது, கையைத் தொடச்சுக்கிட்டுத்தான் பண்ணோணும்.

சோமனூர்_தறி:

வி.எல்.சி.க்கு நான் வர்றனுங்க.

அது ஓப்பன் சோர்ஸ், அதோட புரோகிராமை எல்லாரும் பாக்கலாம். இழுக்குற தூரத்துக்கும் தாவுற நேரத்துக்கும் நேர்க் கணக்கு கிடையாது. இழுத்த தூரத்தை 8 சென்டிமீட்டரால வகுத்து, நாலாம் படிக்குத் தூக்கி, 10 நிமிசத்தால பெருக்கி, அதோட 3 செகண்ட் கூட்டுறாங்க. மண்டை காயுதுன்னா இதை மட்டும் பாருங்க: 2 செ.மீ. இழுத்தா 5 செகண்ட். 3 செ.மீ.க்கு 15 செகண்ட். 4 செ.மீ.க்கு 40. 5 செ.மீ. ஆனா ஒன்றரை நிமிசம் தாண்டிரும். 6 செ.மீ.க்கு 3 நிமிசத்துக்கு மேல. முழுசா 8 செ.மீ. இழுத்தா 10 நிமிசம்.

உங்களுக்கு வேண்டிய 15 செகண்ட் 3 செ.மீ.யில இருக்கு, நீங்க ஆறு செ.மீ. இழுக்குறீங்க, அவ்வளவுதான் சங்கதி. ஸ்டாண்டோட கீழ்ச்சட்டத்துல மார்க்கர்ல 3 செ.மீ. இடைவெளி விட்டு ரெண்டு கோடு போட்டுக்குங்க. விரலு அதுக்குள்ளயே நிக்கட்டும்.

அடுத்தது, திரையை அது எப்படிப் பங்கு போட்டிருக்குன்னு தெரிஞ்சுக்கோணும். மேலயும் கீழயும் இழுக்குறதுக்கு அகலத்தை ஏழா பிரிச்சிருக்கு. இடது மூணு பங்கு வெளிச்சம், வலது மூணு பங்கு சத்தம், நடுவுல ஒரு பங்கு ஒண்ணும் பண்ணாது. ஆறரை இஞ்சு போன் படுத்திருக்கும்போது அகலம் 15 செ.மீ. வரும்னு வெச்சா, நடுவுல 2 செ.மீ. பட்டைதான் செத்த எடம். இரட்டைத் தட்டுக்குப் பங்கு வேற: இடது கால்வாசி பின்னால, வலது கால்வாசி முன்னால, நடுவுல இருக்குற பாதி நிறுத்த, ஓட்ட. ஓரத்துல 4 செ.மீ.க்குள்ள தட்டினாத்தான் தாவும், அதுக்கு இக்கட்ட வந்தா நின்னு போகும். யூட்யூப் பழக்கத்துல தட்டுறவங்க ஏமாறுற எடம் இதுதானுங்க. ஆனா உங்க வேலைக்கு இது யூட்யூப்பை விடத் தோது. நிறுத்தறதுக்கு அரைத் திரை இருக்கு, கண்ணை ஸ்டேட்டர்ல இருந்து எடுக்காமயே தட்டலாம்.

வெளிச்சமும் சத்தமும் கை பட்டு மாறுதுன்னா செட்டிங்ஸ், அதுல வீடியோ, அதுக்குள்ள கண்ட்ரோல்ஸ் பக்கம் போயி ரெண்டு சைகையையும் அணைச்சுருங்க. இரட்டைத் தட்டுக்கு எத்தனை செகண்டுங்கறதும் அங்கயே இருக்கு. பட்டறையில சத்தத்துக்குப் போனோட பக்கவாட்டுல பட்டன் இருக்குறப்ப அந்த சைகை எதுக்கு?

பென்டிரைவ் வீடியோ விசயம். வீடியோவுல ஒவ்வொரு படமும் முழுப் படமா இருக்காது. எப்பவோ ஒருக்கா ஒரு முழுப் படம், நடுவுல எல்லாம் "முந்தினதுல இருந்து என்ன மாறுச்சு"ங்கற கணக்கு. அந்த முழுப் படத்துக்குக் கீஃபிரேம்னு பேரு. வெசையா தாவோணும்னா பிளேயர் பக்கத்து கீஃபிரேமுல போயி விழும். எச்.264ங்கற முறையில வீடியோவைச் சுருக்குற எக்ஸ்264 என்கோடருல ஒண்ணும் மாத்தாம விட்டா ரெண்டு கீஃபிரேமுக்கு நடுவுல 250 படம் வரைக்கும் போகலாம். செகண்டுக்கு 25 படம்னா அது 10 செகண்ட். காட்சி மாறுற எடத்துல தானா ஒரு கீஃபிரேம் விழும், ஆனா ஸ்டாண்டுல கேமராவை வெச்சு அசையாம ஒரு ஸ்டேட்டரையே எடுத்த வீடியோவுல காட்சி எங்க மாறப் போகுது? அதனால 5 செகண்ட் பின்னால போன்னா அதே கீஃபிரேமுல வந்து நிக்குது.

வி.எல்.சி.யில "ஃபாஸ்ட் சீக்" ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க, கேட்ட எடத்துக்கே போகப் பாக்கும், சித்தெ தாமதமாகும். அப்பவும் ஆகலைன்னா தாவுற அளவை 10க்கு மேல வைங்க. அதே வீடியோ தெனமும் வேணும்னா கம்ப்யூட்டர்ல ஹேண்ட்பிரேக்குங்கற வீடியோ மாத்துற மென்பொருள்ல போட்டு கீஃபிரேம் இடைவெளியை 25 படமா வெச்சு மறுக்கா என்கோடு பண்ணிக்கலாம். ஃபைல் பெருக்கும், ஆனா விரலு கேட்ட எடத்துல நிக்கும்.

வெள்ளகோவில்_04:

வி.எல்.சி.க்குப் பதிலா எம்.எக்ஸ். பிளேயர் ஆப்பு போடுங்க, இவ்வளவு கணக்கே வேண்டாம். ஒரு இஞ்சு இழுத்தா எத்தனை செகண்ட்னு செட்டிங்ஸ்லயே சொல்லிக்கலாம், நேர்க் கணக்கு. இரட்டைத் தட்டுக்கு நிறுத்துறதா, தாவுறதான்னும் கேக்கும். சப்டைட்டில் இருக்குற வீடியோன்னா எழுத்து மேலயே விரலை வெச்சு இடது வலது தள்ளினா அடுத்த வசனம், முந்தின வசனம்.

சோமனூர்_தறி:

இழுக்குறதுல எம்.எக்ஸ். நல்லாருக்குங்க, மறுக்கல. ஆனா விளம்பரம் வருது, வார்னிஷ் கையோட அதை மூடுறது ஆரு?

கோபி_வாய்க்கா:

வெளிய வந்துடுதுன்னு சொன்னதை எல்லாரும் விட்டுட்டீங்க.

அது வீடியோ ஆப்போட தப்பு இல்ல. ஆண்ட்ராய்டு 10ல இருந்து திரையோட ரெண்டு ஓரமும் "பின்னால போ"ங்கற சைகைக்கு ஒதுக்கினது. ஓரத்துல ஆரம்பிக்கிற இழுப்பை முதல்ல போன் வாங்கிக்கும், அப்புறம்தான் ஆப்புக்குக் குடுக்கும். அதே மாதிரி மேல் விளிம்புல ஆரம்பிச்சா நோட்டிபிகேஷன் எறங்கும். அதனால எந்த இழுப்பா இருந்தாலும் நாலு பக்கமும் ஒன்றரை செ.மீ. தள்ளி ஆரம்பிக்கோணும். தடிமனான பவுச் போட்டிருந்தா அதோட விளிம்பே விரலை உள்ள தள்ளிரும், அது ஒரு லாபம்.

தீர்க்கோணும்னா செட்டிங்ஸ், சிஸ்டம், ஜெஸ்சர்ஸ், சிஸ்டம் நேவிகேஷன். அங்க சக்கரத்தைத் தொட்டா இடது ஓரம், வலது ஓரம் ரெண்டுக்கும் தனித்தனியா உணர்திறன் குறைக்கலாம். சாம்சங்ல டிஸ்ப்ளேக்குள்ள நேவிகேஷன் பார்ல இருக்கும். பட்டறைப் போனுக்கு என்ற ரோசனை, பழைய மூணு பட்டன் முறைக்கே மாத்திருங்க. ஓரத்துச் சைகையே இருக்காது.

சாம்சங் போன்னா இன்னொண்ணு: உள்ளங்கைப் பக்கத்தைத் திரைமேல தடவினா ஸ்கிரீன்ஷாட் எடுக்குற வசதி. கை பட்டு பட்டு கேலரி பூரா ஸ்டேட்டர் படமா ரொம்பிக் கெடக்கும். அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ்ல மோஷன்ஸ் அண்ட் ஜெஸ்சர்ஸ்ல அணைச்சுருங்க. நெறைய சீன போனுல மூணு விரலைக் கீழ இழுத்தா ஸ்கிரீன்ஷாட். அதை அணைக்க வேண்டாம், கனெக்ஷன் படம் வந்தா பிடிச்சு வெச்சுக்க உதவும்.

கணபதி_காயில்:

ரொம்ப நன்றிங்க எல்லாத்துக்கும். 3 செ.மீ. கணக்கு சரியா நிக்குது. மூணு பட்டனுக்கு மாத்தியாச்சு. யூட்யூப்ல 15 வெச்சாச்சு.

இன்னும் ரெண்டு பாக்கி இருக்குங்க. சார்ஜர் போட்டிருக்குறப்ப மட்டும் தட்டுறது எங்கெங்கயோ படுது, தட்டாமயே தாவுது. எடுத்துட்டா ஒழுங்கா இருக்கு. அப்புறம் விரல்ல வார்னிஷ் பிசுக்கு, திரை மங்கலாயிடுது. தின்னர்ல தொடைக்கலாமா?

நொய்யல்_கரை:

தின்னர் ஆகவே ஆகாதுங்க. கண்ணாடி மேல எண்ணெய் ஒட்டாம இருக்க ஒரு மெல்லிய பூச்சு இருக்கு, தின்னர் அதை எடுத்துரும், அப்புறம் ஒவ்வொரு கைரேகையும் படிஞ்சுக்கிட்டே போகும். ஓரத்துப் பசையையும் பிளாஸ்டிக்கையும் கூடத் தின்னும்.

தொடைக்கிற நெலைமையே வராம பண்ணுங்க. போனை ஒரு மெல்லிய ஜிப் கவருல போட்டு, முன்பக்கம் சுருக்கமில்லாம இழுத்து, பின்னால டேப் ஒட்டிருங்க. திரை வேலை செய்றது விரலோட மின்தேக்கத்தை வெச்சு, ஒத்தை மெல்லிய பாலிதீன் அதைத் தடுக்காது. கவருக்கும் கண்ணாடிக்கும் நடுவுல காத்து நின்னா மட்டும் தட்டு எடுபடாது. பிசுக்கான கவரைத் தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டிக்கலாம். கவரோட சார்ஜ் ஏத்தாதீங்க, சூடாகும்.

சோமனூர்_தறி:

சார்ஜர் விசயம் தறிக்குடோன்லயும் இதே தானுங்க. மலிவான சார்ஜருல வெளிய வர்ற கரண்டு முழுசா சுத்தமா இருக்காது, போனோட மொத்த கிரவுண்டும் லேசா ஆடிக்கிட்டே இருக்கும். திரை அளக்குறது ரொம்பப் பொடி மின்தேக்க மாத்தம், அந்த ஆட்டத்தையும் விரல்னு நெனச்சுக்கும். விரலு வெச்சதும் ஆட்டம் நம்ம உடம்பு வழியா தரைக்குப் போகும், அதனால தொட்ட எடத்துக்கு நேரா ஒரே வரிசையில பொய்த் தொடுதல் வரும்.

உறுதி பண்ணிக்க: அபவுட் போன்ல பில்டு நம்பரை 7 தடவ தட்டுங்க, டெவலப்பர் ஆப்ஷன்ஸ் தெறக்கும். அதுல "பாயிண்டர் லொகேஷன்" ஆன் பண்ணுங்க. இப்ப விரலை மெதுவா ஒரு கோடு இழுங்க. சார்ஜர் இல்லாம கோடு ஒரே சீரா வரும். சார்ஜர் போட்டதும் பல்லுப் பல்லா உடைஞ்சாலோ, ஒரு விரலுக்கு ரெண்டு கோடு வந்தாலோ, குத்தம் சார்ஜர்தான். போனோட வந்த சார்ஜரைப் போட்டுப் பாருங்க. அதுலயும் வந்தா பட்டறையில பவர்பேங்க்ல போட்டு ஓட்டுங்க, வயரு செவுத்துக்குப் போகாது, தொந்தரவும் போயிரும். பாத்து முடிச்சதும் அந்த ஆப்ஷனை அணைக்க மறந்துறாதீங்க, திரை பூரா எழுத்தா நிக்கும். பட்டறையில எர்த்து சரியா இருக்கான்னும் ஒருக்கா பாத்துருங்க, அது போனுக்காக மட்டும் இல்ல.

இன்னொண்ணு மொதல்லயே சொல்லியிருக்கோணும். வி.எல்.சி.யில வீடியோ ஓடுறப்ப மூணு புள்ளி மெனுவுல "ஏ-பி ரிப்பீட்"டுன்னு இருக்கு. காயில் எறக்க ஆரம்பிக்கிற எடத்துல ஏ, முடியிற எடத்துல பி வெச்சீங்கன்னா அந்த 20 செகண்ட் தானா திரும்பத் திரும்ப ஓடும். விரலே வேண்டாம். வேகத்தை பாதியாக் குறைச்சும் வெச்சுக்கலாம். யூட்யூப் ஆப்புல முழு வீடியோவைத்தான் லூப் பண்ண முடியும், நடுவுல ஒரு துண்டை முடியாது.

கோபி_வாய்க்கா:

கையே படக்கூடாதுன்னா பழைய யு.எஸ்.பி. கீபோர்டு ஒண்ணை ஓ.டி.ஜி. வயருல (போனுல யு.எஸ்.பி. சாமான் மாட்டுற வயரு) மாட்டிக் கீழ வைங்க. வி.எல்.சி.க்கு ஸ்பேஸ்பார் நிறுத்த, ஓட்ட. இடது வலது அம்பு பின்னால, முன்னால. ஸ்பேஸ்பாரைக் கால் பெருவிரல்ல அழுத்தலாம், அம்புக்கு சுத்தியிருக்குற கீயெல்லாம் புடுங்கிப் போட்டாத்தான் கால் நிக்கும். ஓ.டி.ஜி. மாட்டியிருக்குறப்ப சாதா வயருல சார்ஜ் ஏறாதுங்க, பேட்டரி ரொப்பிக்கிட்டு ஆரம்பிங்க.

மஞ்சமண்டி_ஈரோடு:

நடுவுல கேக்குறதுக்கு மன்னிக்கோணும். எங்க அப்பாரு போனுல ஒரு தட்டுக்குப் பச்சைக் கட்டம் வந்து பேசுது, வீடியோ நிறுத்தவே முடியல. இரட்டைத் தட்டு தட்டினாலும் தாவ மாட்டேங்குது. இதுவும் சைகைப் பிரச்சினையா?

நொய்யல்_கரை:

அது டாக்பேக் ஆன் ஆயிருக்குங்க, கண் தெரியாதவங்களுக்கான வசதி. சத்தம் கூட்டுற, குறைக்கிற ரெண்டு பட்டனையும் சேர்த்து 3 செகண்ட் அழுத்தினா ஆன் ஆகுற மாதிரி சில போனுல இருக்கும், போனை இறுக்கிப் பிடிக்கிறப்ப தானா ஆயிரும். அதே மாதிரி மறுக்கா 3 செகண்ட் அழுத்துங்க, போயிரும். போகலைன்னா செட்டிங்ஸ் வழியா அணைக்கோணும்: அது ஆன்ல இருக்குறப்ப ஒரு தட்டு தேர்வுக்கு, இரட்டைத் தட்டு திறக்கறதுக்கு, பக்கத்தை நகர்த்த ரெண்டு விரலைச் சேர்த்துத் தள்ளோணும். வீடியோவை இப்பவே நிறுத்தோணும்னா ரெண்டு விரலால இரட்டைத் தட்டு. அணைச்சதும் ஆக்சஸபிலிட்டியில அந்த ரெண்டு பட்டன் ஷார்ட்கட்டையும் எடுத்துருங்க, இல்லைன்னா அடுத்த வாரமும் அப்பாரு போனைத் தூக்கிக்கிட்டு வருவாரு.